தகப்பன் பெயர் முன்னால்

ஐப்பசி 14, செவ்வாய்

பரீட்சை நிலையத்துக்குப் போனது நான், இவர், மகள் தாரணி. வேறு ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமையோடு விசா முடிகிறது. அதற்குள் இந்த நாட்டைப் பற்றிய பரீட்சையில் இவர் தேறினால்தான் இங்கே நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். மூன்று மாதமாகச் சமைத்துக்கொண்டே புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். ரோமர் கட்டிய மதில், கம்பளி விற்றுப் பணம் கண்ட ஊர்கள், நிலக்கரிச் சுரங்கங்கள் எல்லாம் இவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கணினியைப் பார்த்தாள். பெயர் ஒத்துவரவில்லை, உள்ளே விட முடியாது என்றாள். பதிவு செய்தவள் நான். ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முதற்பெயராகவும் இவருடைய பெயரைக் கடைசியிலும் போட்டிருக்கிறேன். பாஸ்போர்ட்டில் அது மறுவளமாக இருக்கிறது.

"நான் போட்டுத் தாறன் எண்டு சொன்னனான்தானே அம்மா" என்றாள் தாரணி.

இவர் ஏசவில்லை. பஸ்ஸில் ஏறின பிறகுதான் வாய் திறந்தார். "ஆறு கலியாணம் செய்த ராசாவின்ர பெண்சாதிமாரின்ர பேரெல்லாம் எனக்குப் பாடம். என்ர பெண்சாதிக்கு என்ர பேர் தெரியேல்லை."

தாரணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.

அடுத்த பரீட்சைக்குத் திங்கட்கிழமைதான் இடம் இருக்கிறது. வெள்ளிக்குள் விண்ணப்பித்துவிட்டுப் பரீட்சை முடிவைப் பிந்திக் கொடுத்தாலும் ஏற்பார்களா என்று சட்டத்தரணிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பிள்ளையாரே, அர்ச்சனைத் துண்டில் நான் பெயரை எப்படி எழுதினாலும் உனக்கு ஆள் விளங்கும். வெள்ளிக்கு முன் சட்டத்தரணியிடமிருந்து ஒரு பதில் வரச் செய்.