மகளின் கண்ணளவு நூல்

இறக்கக்கண்டி,
8.12.1961

அன்பின் இன்பமலருக்கு,

நான் நல்ல சுகம். உம்முடைய இருமல் விட்டுவிட்டதா? கிறேஸ் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

தை மாதம் அவளை இங்கே பாலர் வகுப்பில் சேர்க்க நீர் இன்னும் சம்மதிக்கவில்லை. மன்னாரை விட்டு இந்தக் கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவேண்டும் என்று கேட்டீர். நியாயமான கேள்வி. அதனால் சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, வகுப்புக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். கலர்க் கடதாசிப் பூக்களையும் எழுத்து அட்டைகளையும் கூரை வளையில் தொங்கவிட்டேன். ஏறி நின்ற வாங்குப் பலகை சரிந்ததில் கால் கொஞ்சம் வீங்கியது. இப்போது நன்றாக நடக்கிறேன்.

பாலர் வகுப்பு மாகிரட் ரீச்சர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன முதலாளி, கடையில சாமான் தூக்கிற மாதிரி உயரத்தில தூக்கியிருக்கிறீங்கள்? பிள்ளையள் களவெடுப்பினம் எண்டு பயமோ?"

"கை எட்டினால் கிழிச்சுப் போடுவினமே, ரீச்சர்?"

"கிழிக்கட்டும். தொடாமல் என்னெண்டு படிக்கிறது?"

கடைக்காரப் புத்தி, வேறென்ன! எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். இனி எந்த உயரத்தில் கட்டுவது என்று தெரியவில்லை. நான் கடைசியாகப் பார்த்தபோது கிறேஸ் என் இடுப்புக்குக் கீழே நின்றாள், இப்போது வளர்ந்திருப்பாள். அவளைக் கதவோடு நிறுத்தி, நிலத்திலிருந்து கண்வரைக்கும் ஒரு நூல் அளந்து, பதிலுக்குள் வைத்து அனுப்பும்.

பஸ் வருகிறது, இதைக் கண்டக்டரிடம் கொடுக்கவேண்டும். நூல் வந்தால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வேன்.

உம்முடைய,
யேசுரட்ணம்