சிவப்பைத் தாண்டிய சிரிப்பு

இன்று காலை உங்கள் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். நீங்கள் போனபிறகு யாரும் அதைத் தொடவில்லை. பஞ்சில் உங்கள் தலைவலித் தைலத்தின் மணம் இன்னும் இருக்கிறது. கிண்ணியாவிலிருந்து வந்த ராத்தாவின், அந்த முஸ்லிம் அக்காவின், மகள் புதுப் போனில் போட்டுக்கொள்ளத் தாயின் பதிவைக் கேட்டிருந்தாள். அதற்காகத்தான் பழைய கோப்பைத் திறந்தேன்.

உட்துறைமுகப் பக்கத்தில் நாம் இருவரும் நடத்திய இந்தச் சின்ன ஒலிப்பதிவு அறைக்கு ராத்தா வந்தது, தொண்டை ஆபரேஷனுக்கு முதல் நாள். பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகளுக்கு ஒரு கதையைத் தன் குரலில் சொல்லி வைத்துவிட்டுப் போக வந்திருந்தார்.

ஒலியைச் சேமிக்கும் புரோகிராம் நீங்கள் எழுதியது. பலரும் பதினாறு பிட் முழு எண்களாக வைப்பதை, நீங்கள் ஒற்றைத் துல்லிய மிதவைப் புள்ளி எண்களாக, அதாவது வரம்பைத் தாண்டினாலும் வெட்டுப்படாத தசம எண்களாக, அணி என்ற ஒரு நீண்ட வரிசையில் அடுக்கினீர்கள். கோப்பு இரண்டு மடங்காகிறதே என்று நான் முணுமுணுப்பேன். "டிஸ்க் வாங்கலாம். போன சத்தத்தை வாங்க ஏலாது" என்பீர்கள்.

ராத்தா மெல்லிய குரலில் தொடங்கினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த நான் சத்தத்தைக் கூட்டினேன். பாதியில் கதை மறந்து, முயலைத் தோணியில் ஏற்றவேண்டியவர் முதலையை ஏற்றிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். மீட்டர் முழுவதும் சிவப்பு; சத்தம் அளவை மீறிவிட்டது. இன்னொரு தரம் சிரியுங்கள் என்று கேட்டால் அந்தச் சிரிப்பு வருமா?

"போச்சு" என்றேன்.

"ஒண்டும் போகேல்லை" என்றபடி நீங்கள் வந்தீர்கள். "மைக் அடக்கமாத்தான் இருந்தது, கூட்டினது புரோகிராமுக்குள்ள. சத்தத்துக்கு உச்ச அளவு ஒண்டு, எண் அதைத் தாண்டினாலும் அணிக்குள்ள அப்பிடியே கிடக்கும். குறைச்சுப் பாருங்கோ."

குறைத்தேன். முழு எண்ணாக வைத்திருந்தால் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரத்திருக்கும். சிரிப்பு அப்படியே வந்தது, கடைசியில் அவர் மூச்சு வாங்கியது உட்பட. உங்களைப் போல முன்கூட்டியே யோசித்து வேலை செய்தவரை நான் கண்டதில்லை.

இன்று கேட்டபோது, கதைக்கு முன் ஒரு துண்டு வெறுமையாக இருந்தது. வெட்டுமுன் சத்தத்தை நன்றாகக் கூட்டிப் பார்த்தேன். மைக்கை விட்டுத் தள்ளி, கதவடியில் ராத்தாவோடு நீங்கள் இருந்த நேரம் அது.

"பயப்பிடாதேங்கோ ராத்தா. கண்ணாடிக்கு அங்கால இருக்கிறவருக்கு உங்களைவிடப் பயம். ஆனா ஆள் வேலையைக் கைவிடமாட்டார். அவரை நம்பலாம்."

கூட வேலை செய்த காலமெல்லாம் என்னிடம் நீங்கள் குறைதான் சொன்னீர்கள். மகளுக்கு அனுப்பிய பதிவில் அந்தத் துண்டை வெட்டிவிட்டேன். அது எனக்கு.