மாமனுக்கு வந்த பிரேக் கிட்

புலியகுளம், கோவை
18.9.1997

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீ அந்த லீட்ஸ் குளிரில் ஆஸ்பத்திரிக்கும் ரூமுக்கும் அலைந்துகொண்டு சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா? அம்மாவுக்கு நெற்றியில் சின்ன வீக்கம், நேற்றே வடிந்துவிட்டது, பயப்படாதே. அது எப்படி வந்தது என்று உன் மாமன் சகாயம் போனில் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் சேதியெல்லாம் எனக்கு அவன் வழியாகத்தானே வருகிறது, என் சேதியாவது உனக்கு நேராக வரட்டும்.

நீ அனுப்பிய பார்சல் போன மாதமே வந்துவிட்டது. மேலே என் பெயர் இருந்தது, பிரித்தேன். உள்ளே மோரிஸ் மைனருக்கு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிட், ஒரிஜினல் ரப்பர். இங்கே கிடைக்கிற ரப்பர் ஆறே மாதத்தில் உப்பிப்போகிறது என்று நான் எப்போதோ புலம்பியதை என் மகள் ஞாபகம் வைத்திருக்கிறாள் பார் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அன்றைக்கே ஷெட்டில் வண்டியின் தரைப்பலகையைக் கழற்றி, அடியில் மல்லாந்து படுத்து சிலிண்டரை இறக்கி, ரப்பரை மாற்றி, அம்மாவை உள்ளே உட்காரவைத்து மிதி, விடு, மிதி என்று கத்திக் கத்தி பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. காலிப் பெட்டியைத் தூக்கிப் போடும்போதுதான் அடியில் உன் கடிதத்தைப் பார்த்தேன். அன்புள்ள மாமாவுக்கு, பகலில் உங்கள் வீடு பூட்டியிருக்கும், அதனால் அப்பா விலாசத்துக்கு அனுப்புகிறேன் என்று.

அவனுக்கு! ஒரு பிளக்கைக் கழற்றத் தெரியாதவனுக்கு! அவனும் மோரிஸ் வைத்திருக்கிறான், மெக்கானிக்கிடம் விட்டு கிரீம் கலர் அடித்துக் கோயில் வாசலில் நிறுத்துகிறான், பூசை முடிந்து அத்தனை பேரும் அதைத்தான் சுற்றி நிற்கிறார்கள். இருபது வருஷமாக என் கையாலேயே ஓடுகிற வண்டியை ஒருத்தன் திரும்பிப் பார்ப்பதில்லை. பொறாமைதான் அம்மணி, வேறென்ன. கழற்றிக் கொடுக்க மனசு வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஏனுங்க மச்சான், பாப்பா அனுப்புன பார்சல் வந்துருச்சுங்களா என்று கேட்டான். மூன்று முறையும் இன்னும் வரல மாப்ள, கஸ்டம்ஸ்ல கெடக்கும் என்றேன், அதுவும் கோயில் வாசலில் நின்றுகொண்டு.

போன திங்கட்கிழமை அவன் உன் அம்மாவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு துடியலூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போனான். போகிற வழியில் பிரேக் பெடல் ஒரேயடியாகக் கீழே போய்விட்டது. நல்லவேளை, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டில் வண்டியை விட்டு நிறுத்தியிருக்கிறான். அம்மா நெற்றி முன்னால் போய் இடித்துக்கொண்டது. சேதி கேட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். என்னைப் பார்த்ததும், அக்காளுக்கு ஒண்ணும் ஆகலீங்க மச்சான், கிட் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கோணும், நாந்தான் அவசரப்பட்டு எடுத்துப்போட்டேன் என்கிறான். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா திட்டித் தீர்த்துவிட்டாள். அவனோ, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனுங்களே என்றான். அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, இந்தப் பெரிய மனசுக்குத்தானே நீயும் அவன் பக்கம் சாய்கிறாய். நேற்று கிட்டைக் கழற்றி அவன் வண்டியில் நானே மாட்டிக் கொடுத்தேன், எந்த மெக்கானிக்கையும் தொட விடவில்லை. என் வண்டி கட்டைமேல் நிற்கிறது.

எனக்கு இன்னொரு கிட் வாங்கி அனுப்பாதே. மாமனுக்கு நீ எழுதியதை முழுக்கப் படித்துவிட்டேன், தப்புத்தான். வந்த முதல் மாதம் தினமும் அழுதேன் மாமா, அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். ரப்பரைக் கழற்ற விடாமல் என் கையைப் பிடித்தது அந்த வரிதான் கண்ணு. இனிமேல் அழுகை வந்தால் எனக்கு எழுது, அவனுக்கு அப்புறம் எழுதிக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. அந்தோணியார் உனக்குத் துணையிருப்பார்.

உன் அப்பா,
சின்னப்பராஜ்