பாதியாக வந்த சம்பளம்

என்னங்க,

உங்கள் முட்டிவலி தேவலையா? பிள்ளைகள் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த முறை பணம் பாதிகூட வரவில்லையே என்று பதறாதீர்கள். உங்களுக்கும் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதிச் சம்பளம்தான் வந்திருந்தது. வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, சலவைக்கூடத்துச் சீருடையைத் தேய்த்து மடித்து, மேற்பார்வை அக்காவின் மேசையில் வைத்துவிட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப் பைத்தியமே! இனிமே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம். பிடித்தமும் பிரிச்சுப் பிரிச்சுத்தான் போகும். வருஷக் கணக்குல ஒரு பைசா குறையாது."

அப்பாடா என்றிருந்தது. இனி மாதத்தின் முதல் சம்பளம் வாடகைக்கு, அடுத்தது மளிகைக்கும் பாலுக்கும். மாதக் கடைசியில் நீங்கள் கைமாற்று கேட்டு அலைய வேண்டாம். வருஷத்தில் இரண்டு மாதங்களில் மட்டும் மூன்றாவதாக ஒரு சம்பளம் விழுமாம். அதை அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது நான் வீட்டுக்கு வரும் டிக்கெட்டுக்கு.

தலையணைமேல் விரித்துக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்பிவையுங்கள். இங்கே எல்லாத் துணியிலும் சோப்பு வாசனைதான்.

அழுக்குத்துணி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். சட்டையைத் துவைத்துவிடாதீர்கள்.