மறைக்காமல் விட்ட எண்

பாகப்பிரிவினை வழக்கு மனுவில் தன் ஆதார் எண்ணையும் பேங்க் கணக்கு எண்ணையும் மறைக்கச் சொல்ல, மேனகா வக்கீலைப் பார்க்கக் கிளம்பினாள். நேற்றுச் சண்டை போட்ட கணவன் அருள்பிரகாஷ் தோட்டத்துக்குப் போயிருந்தான். கைக்குக் கிடைத்த தாளில் கிறுக்கினாள்:

"ஏனுங்க, களி சட்டியில இருக்குது. ஊட்டுச் சாவி கோழிக்கூண்டு மேல. உங்கண்ணன் சமாதானம் பேச வந்தா வாசலோட அனுப்பிருங்க. நேத்துப் போன்ல எவனோ என் ரெண்டு நம்பரையும் கடகடன்னு ஒப்பிச்சானே, வழக்குல எதிர்த்து நிக்கறவரு அவருதானே? மனு நகல் அவரு கையிலதானே இருக்குது? அவரு குடுக்கலைன்னு நீங்க சத்தியம் பண்ணுனாலும் நம்ப மாட்டேன்."

மடிக்கப் போனவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அவளுடைய ஆதார் நகல். அதன் கீழே கணக்கு எண். ஜெராக்ஸ் கோணலாக விழுந்ததென்று வக்கீல் ஆபீஸில் திருப்பிக் கொடுத்த கட்டிலிருந்து உருவிய தாள். போன வாரம் சோளக்காட்டுச் சந்தையில் அந்தக் கட்டைக் கிழித்துத்தான், வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மிளகு மடித்துக் கொடுத்தாள்.

அடியில் இருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"உங்கண்ணன் வந்தா களி போடுங்க. மேல எழுதுனத அவருகிட்டச் சொல்லீராதீங்க. படிச்சதும் இந்தத் தாள அடுப்புல போட்டுருங்க."