ஃபில்டரில் ஒரு சேற்றுக் கோடு

அக்டோபர் 14, செவ்வாய்

மாமாவின் வண்டியில் இன்று ஒரு சேற்றுக் கோடு பார்த்தேன். முன் பம்பருக்குப் பின்னால், இடது பக்கம், ஃபில்டரின் அடியில். ஒரு விரல் தடிமன் இருக்கும். நேற்றுப் பெய்தது சின்ன மழைதான். அதற்கே அங்கே வரைக்கும் சேறு ஏறியிருக்கிறது.

என்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்ட, கம்பெனியில் வைத்து அனுப்பிய ஃபில்டர் பெட்டி மேலே, என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும். மாமா அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை நீளக் குழாயில் மாட்டிக் கீழே இறக்கி வைத்திருக்கிறார். கோல்டு ஏர் இன்டேக். கீழே குளிர்ந்த காற்று கிடைக்கும், வண்டி நன்றாக இழுக்கும், உறுமும். திண்டிவனம் பைபாஸில் இந்த வேலைக்கு மாமா ராயப்பனின் ஷெட்டைத்தான் தேடி வருகிறார்கள். ராயப்பன் வண்டி வருகிறது என்பது சத்தத்திலேயே தெரியும்.

ஆனால் காற்றை இழுக்கும் வாய் தரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால், மழைக்காலத்தில் அது தண்ணீரைத்தானே குடிக்கும்? காற்றை நசுக்குகிற மாதிரி பிஸ்டனால் தண்ணீரை நசுக்க முடியாது. உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு வளைந்துவிடும். அதோடு என்ஜின் போச்சு.

சொல்லலாம் என்று நின்றேன். "இன்னா ஊமச்சி, முழிச்சிக்கினு நிக்கிற? பதினாலு ரிங்கு ஸ்பேனரு எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். அவளிடம் மட்டும்தான் எனக்குப் பேச வருகிறது. அம்மா போனதும் பத்தாவதோடு பள்ளியை விட்டு, அக்காவைக் கட்டிய மாமாவின் ஷெட்டுக்கே வந்தேன். வீடும் அதற்குப் பின்னால்தான். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

"தொப்பி போட்டுட்டா?" என்றாள் ஜெசிந்தாக்கா. பிய்ந்துபோன குடைத் துணியை வெட்டி, ஃபில்டர் அளவுக்கு ஓர் உறை தைத்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் அவள் முகமே வேறு.

அக்டோபர் 18, சனி

நான்தான் தப்பு பண்ணினேன். உறையை மாட்டியது நான். குடைத் துணியில் தண்ணி நுழையாது. காத்தும் நுழையாது. இது ஏன் எனக்குத் தோணல?

வண்டி மயிலம் போவதற்குள் திணறியிருக்கிறது. மாமா திரும்பி வந்து, பானெட்டைத் திறந்து, உறையை உருவினார். எனக்குக் கன்னத்தில் ஒன்று. அக்கா நடுவில் வந்தாள். "நான்தான் தச்சேன், அவள வுடு" என்றாள். அப்புறம் எல்லாமே அவளுக்குத்தான் விழுந்தது. ஜாக்கி ராடால் முட்டியில் அடித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டாள்.

நவம்பர் 3, திங்கள்

கோட்டக்குப்பம் சுஃப்யான் பாயின் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். துபாயிலிருந்து வந்தவர். போன மாதம் மாமாதான் அவர் வண்டியில் கீழ் ஃபில்டர் மாட்டினார். ஈசிஆரில் தேங்கிய தண்ணீரில் இறங்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"ராயப்பண்ணே, ஸ்பீடா போற மாதிரி பண்ணுன்னு சொன்னேன். படகு பண்ணிக் குடுன்னு கேக்கலியே" என்று சிரித்தார் பாய்.

"தண்ணியில வுட்டா எந்த வண்டி பாய் நிக்காது?" என்று மாமாவும் சிரித்தார்.

பாய் ஆட்டோ ஏறிப் போனதும் டீ டம்ளர் பறந்து வந்தது. அக்காவின் புருவத்தில் ரத்தம். டீ ஆறிப்போயிருந்ததாம்.

நவம்பர் 4, செவ்வாய்

மாமா சாமான் வாங்க பஸ்ஸில் சென்னை போயிருந்தார். ஹார்டுவேர் கடையில் வாயைத் திறந்து கேட்கக் கூச்சமாக இருந்ததால், 'மூணு இஞ்ச் எல்போ ஒன்று' என்று சீட்டில் எழுதி நீட்டினேன். "பாத்ரூம் வேலையாம்மா?" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன்.

மாமா வண்டியில், குழாயின் நுனியில் அந்த வளைந்த பிளாஸ்டிக் எல்போவை மாட்டி, ஃபில்டரை ஹெட்லைட் உயரத்துக்குத் திருப்பி ஏற்றினேன். அடியில் அஞ்சு லிட்டர் ஆயில் கேனை வெட்டி, தண்ணீர் தெறிக்காமல் ஒரு தடுப்பு. குழாயை இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப் முறுக்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ராத்திரி முழுக்க மழை. மாமா காலையில் சப்வே தண்ணீரில் போய்விட்டு வந்தார். வண்டி சரியாகத்தான் ஓடியிருக்கிறது. ஆனால் சத்தத்தில் ஏதோ குறைவது தெரிந்து பானெட்டைத் திறந்தார். எல்போவைப் பார்த்தார். ஃபில்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். காய்ந்திருந்தது.

"எவ வச்சது இத?"

நான் தரையைப் பார்த்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. "சவுண்டு கொறையுது பாரு, நாயே."

ஆனால் கழற்றவில்லை.

நவம்பர் 12, புதன்

சுஃப்யான் பாய் வண்டிக்கு எல்போ மாட்டியாகிவிட்டது. இன்னும் மூன்று வண்டிகளுக்கும். "நம்ம ஐடியா பாய். இனிமே ராயப்பன் வண்டி தண்ணியில நிக்காது" என்று மாமா சொன்னபோது நான் கிளாம்ப் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பிரியாணி வாங்கி வந்தார். லெக் பீஸை என் தட்டில் வைத்தார். அக்காவிடம் சிரித்துப் பேசினார். இப்படி ஒரு நாள் வருவதுதான் பெரிய பேஜாரு. அக்கா அதை வைத்துப் பத்து நாள் ஓட்டுவாள்.

நவம்பர் 20, வியாழன்

எட்டே நாள்.

விழுப்புரம் சித்திக்கு அக்கா போன் பண்ணினாள். அதற்குத்தான். மாமா சுவரில் தொங்கிய ஃபேன் பெல்ட்டை எடுத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அடித்தார். நான் வெளியில் நின்றேன். உள்ளே போகல. ஏன் போகல?

அப்புறம் எண்ணெய் தடவும்போது பார்த்தேன். பெல்ட்டில் ஆறு வரி உண்டு. அவள் முதுகிலும் ஆறு ஆறாகக் கோடு. எட்டு இடத்தில்.

நவம்பர் 28, வெள்ளி

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. மாமா உள்ளங்கையை விரித்து அக்காவின் இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தார். அவள் கீழே விழவில்லை. அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. மறுபடி அடித்தார். அதே பக்கம்.

உள்ளே குக்கர் விசில் மாதிரி கேட்கிறதாம். வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

பஞ்சு வைத்தேன். "பரவால்லடி பாப்பா, அந்தாளு கத்துறது இனிமே பாதிதான் கேக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

நவம்பர் 29, சனி

விடியற்காலையிலிருந்து மழை. மாமா மத்தியானமே குடித்துவிட்டுப் படுத்தார். அக்கா ஒரு கட்டைப்பையில் துணியை எடுத்துக்கொண்டாள். சித்தி வீட்டுக்கு.

"நீயும் வாடி."

"நீ போ. நான் அடுத்த பஸ்ல வர்றேன்."

இரண்டு பேரும் இல்லையென்றால் ஷெட் அமைதியாகிவிடும், எழுந்துவிடுவார். நான் ஸ்பேனரைத் தட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் எப்போதும்போல இருப்பதாக நினைத்துத் தூங்குவார். அக்கா முந்தானையைக் காதில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

டயர் பார்க்க வந்த லாரிக்காரர் சொன்னார், விக்கிரவாண்டி தாண்டி ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறி ஓடுகிறதாம். முழங்காலுக்குமேல். பஸ்ஸும் லாரியும்தான் போகிறதாம். பஸ்ஸுக்குக் காற்று போகும் வாய் உயரத்தில் இருக்கும். காருக்கு அப்படி இல்லை. எல்போ வைத்த காரைத் தவிர.

மாமா எழுந்ததும் அக்காவைத் துரத்துவார். அந்தத் தண்ணீரைத் தாண்டிவிடுவார். தாண்ட வைத்தது நான்.

பானெட்டை ஓசையில்லாமல் திறந்தேன். இரண்டு கிளாம்ப். எல்போவை உருவினேன். ஃபில்டரைப் பழையபடி கீழே இறக்கி மாட்டினேன். தடுப்பையும் எடுத்தேன். எல்போவைத் துடைத்து ரேக்கில் வைத்தேன்.

அந்த ஆள் தண்ணியில மாட்டிச் செத்துட்டா? முழங்கால் தண்ணியில யாரு சாவாங்க? வெள்ளம் இழுத்துக்கினு போனா? தெரியாது. அதை நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் முறுக்கினேன்.

மாமா இரண்டரைக்கு எழுந்தார். அக்காவைக் கூப்பிட்டார். அலமாரியில் அவள் துணி இல்லை என்பதைப் பார்த்தார். என் முடியைப் பிடித்து ஒர்க் பெஞ்சில் முகத்தை மோதினார். முன்பல் ஒன்று ஆடுகிறது.

"சித்தி வூட்டுக்கா? ரெண்டு காலையும் ஒடச்சித் தூக்கிக்கினு வர்றேன் பாரு."

வீல் ஸ்பேனரை எடுத்துப் பக்கத்து சீட்டில் போட்டார்.

"ரோட்ல தண்ணி, மாமா" என்றேன். அவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் முறை. ஏன் சொன்னேன்?

"ராயப்பன் வண்டி தண்ணியில நிக்காதுடி."

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பழைய சத்தம். எனக்குக் கேட்டது. அவர் கத்திக்கொண்டே இருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் போன்.

"எல்போ எங்கடி?"

"ரேக்குல இருக்கு, மாமா."

போனை வைத்துவிட்டேன். ஷட்டரை இறக்கிவிட்டு, இந்த டைரியையும் இரண்டு சுடிதாரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் பஸ் மெதுவாகத் தண்ணீரில் இறங்கியது. மாமாவின் கார் பானெட்டைத் திறந்தபடி ரோட்டின் நடுவில் நின்றது. அவர் தொடை அளவு தண்ணீரில், கையில் வீல் ஸ்பேனரோடு. "ஸ்டைலா வந்தாரு, படகு கவுந்துபோச்சி" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. மாமா நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார். ஸ்பேனரை வீசினார். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது.

நான் குனியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

அக்கா சித்தி வீட்டில் தூங்குகிறாள். எல்போவைக் கழற்றியதை அவளிடம் சொல்லிவிட்டேன். விழுப்புரத்திலும் மழைதான்.

டிசம்பர் 2, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். செவிப்பறையில் ஓட்டை. தானாக மூடினாலும் மூடும், பார்க்கலாம் என்றார் டாக்டர்.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் மாமா வந்தார். கதவை உதைத்தார். ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினார். அவர் கையெல்லாம் ரத்தம். சித்தி அடுப்பிலிருந்த தோசைக்கல்லைச் சூட்டோடு அந்தக் கையில் வைத்து அழுத்தினாள். தெருவே கூடிவிட்டது. போகும்போது கத்தினார், "என் என்ஜின ஒடச்சி என்னக் கொல்லப் பாத்தா அந்த ஊமச்சி. நானும் கம்ப்ளைண்ட் குடுக்குறேன்."

டிசம்பர் 5, வெள்ளி

மகளிர் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா சொன்னபடியே கம்ப்ளைண்ட் கொடுத்திருக்கிறார். ஆனால் நான்தான் கழற்றினேன் என்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மேடம் அக்காவிடம் கேட்டார். "என்னைக்கு அடிச்சாரு, எதால அடிச்சாரு? தேதி சொன்னாத்தாம்மா கேசு நிக்கும்."

"எல்லா நாளும்தான் மேடம்" என்றாள் அக்கா. வேறு எதுவும் அவளுக்கு வரவில்லை.

நான் பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். ஆயில் கம்பெனி கொடுத்தது, ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். "எழுதி வச்சிருக்கேன் மேடம்" என்றேன். குரல் வந்தது. அவர் கையை நீட்டினார். "அஞ்சு நிமிஷம் மேடம், இன்னைக்கு எழுதல" என்றேன். சிரித்துவிட்டு வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

அக்கா என் தோளில் சாய்ந்தாள். "சனிக்கிழமை பக்கத்தக் கிழிச்சிடுடி பாப்பா." ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். காது அப்படி இருக்கிறதே, குரலின் அளவு அவளுக்குத் தெரியவில்லை. மேடம் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது.

சனிக்கிழமையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே தாள். முன்பக்கம் வெள்ளிக்கிழமை, அக்காவின் காது. பின்பக்கம் சனிக்கிழமை, எல்போ. பக்கம் போதாமல் ஓரமெல்லாம் எழுதியிருக்கிறேன். கிழித்தால் அவள் காதில் விழுந்த அறையும் சேர்ந்து போய்விடும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஓட்டை இருக்கிறது என்றுதான் இருக்கிறது. யார் கை என்று இல்லை.

எந்தத் தாளையும் கிழிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, மேடத்தின் மேசையில் இதை வைக்கப் போகிறேன்.