முப்பத்தொன்றாம் எண் ஸ்லைடு

நாள் 58. காலை 07:10
சார்பு அறிவிப்பு: கோ-7 மருந்தைக் கண்டுபிடித்தவள் நான். அதைத் தயாரிக்கும் நல்மூச்சு நிறுவனத்தில் எனக்கு நூற்றுக்கு நான்கு பங்கு உண்டு.

மேலே இருக்கும் வரியை ஒவ்வொரு பதிவின் தலையிலும் எழுத வேண்டும் என்பது விதி. எழுதி எழுதி இப்போது கை தானாகவே எழுதிவிடுகிறது.

இதைப் படிப்பவருக்கு: என் பெயர் கோமதி. நுரையீரல் மருத்துவர், அரசு ஆய்வகத்தின் சம்பளக்காரி. செவ்வாயைச் சுற்றும் ஃபோபோஸ் நிலாவில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் தனியாக இருக்கிறேன். கீழே செவ்வாயில் செம்பாறைக் குடியிருப்பு, முந்நூற்று நாற்பது பேர். அங்கே தூசி நுரையீரலை அரிக்கிறது. கோ-7 வருவதற்கு முன்பு ஆண்டுக்குப் பதினொரு பேரைப் புதைத்தார்கள். இப்போது அறுபது பேர் அதை மூச்சில் இழுத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நாள் 180 அன்று முடிவு நல்லதாக வந்தால், குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் கொடுப்பார்கள். மருந்துப் பெயரில் இருக்கும் 'கோ' நான்தான். பெயர் வைத்தது நிறுவனம். வேண்டாம் என்று நான் ஒரு முறை சொன்னேன், இரண்டாவது முறை சொல்லவில்லை.

மருந்தைக் கண்டுபிடித்தவளே அதைச் சோதிக்கலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் பூமியில் ஒரு சார்பு மேலாண்மைக் குழு வைத்து என்னை இந்தக் கல்லில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சளி மாதிரிகள் பெயரில்லாமல், வெறும் எண்ணோடு ஆளேறாத சிறு விண்ணோடத்தில் வரும். நான் கண்ணாடி ஸ்லைடு செய்து நுண்ணோக்கியில் பார்ப்பேன். முடிவை ஸ்லைடின் பின்பக்க ஓரத்தில் ஒட்டிய தாளில் எழுதுவேன். ஒவ்வொன்றிலும் நான் பொறுக்கியெடுத்த பத்துப் படங்கள் பூமியில் இரண்டாம் வாசிப்பாளருக்குப் போகும். கீழே இருக்கும் யாரிடமும் மருந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

இன்றைய வேலை: அறுபது ஸ்லைடு. தேடுவது இரு முனையும் கூர்ந்த செல்களை. அவை இருந்தால் நுரையீரலில் தழும்பு கட்டுகிறது என்று பொருள். ஐந்து வரை இயல்பு, பத்துக்கு மேல் ஆபத்து.

எண் 31: உறுதியானவை 4. ஐயத்துக்குரியவை 15, மடங்கிய தொண்டைச் செல்களாக எடுத்துக்கொண்டேன். முடிவு: இயல்பு.

அறுபதும் இயல்பு. நல்ல நாள். சுக்குக் காப்பி போட்டுக் குடித்தேன்.

நாள் 86. காலை 09:25
சார்பு அறிவிப்பு: முன்பு போலவே.

எண் 31-இன் புதிய ஸ்லைடில் மாவுச்சத்து மணிகள். ஒரு முனையில் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இஞ்சி மாவுமணிகள். என் டம்ளரிலிருந்து சிந்தியிருக்குமோ என்று முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். முத்திரை உடைக்காத குழாயிலிருந்து இன்னொரு ஸ்லைடு செய்தேன். அதிலும் இருக்கிறது.

செவ்வாயில் இஞ்சி விளைவதில்லை. செம்பாறையில் சுக்கு வைத்திருப்பவன் ஒருவன்தான். ஆளுக்கு மூன்று கிலோ சொந்தப் பொருள் என்றபோது புகைப்படம், புத்தகம் எதுவும் எடுக்காமல் அரைக் கிலோ சுக்கை எடுத்துக்கொண்டு வந்தவன். பாதியை எனக்கு அனுப்பியவன். இருமல் வந்தால் ஒரு துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொள்பவன்.

என் தம்பி இசக்கிமுத்து. காற்றாடி மெக்கானிக். சோதனையில் சேர்ந்ததை என்னிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதும் விதிதான்.

ஸ்லைடை எண்ணாமல் எடுத்து வைத்துவிட்டேன்.

நாள் 87. இரவு 08:00
சார்பு அறிவிப்பு: கோ-7 என் கண்டுபிடிப்பு. நான்கு பங்கு. எண் 31 என் உடன்பிறந்தவன்.

குழுவுக்கு உள்ளபடி எழுதினேன். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதியதும் மனசு லேசானது. அதையும் குறித்து வைக்கிறேன்.

பதில் மாலையில் வந்தது.

"முனைவர் கோமதி அவர்களின் நேர்மையைக் குழு பாராட்டுகிறது. எண் 31-ஐ வாசிக்கும் பொறுப்பிலிருந்து தாங்கள் விலக்கப்படுகிறீர்கள். இனி அந்த ஸ்லைடுகளைக் கருவியே படமெடுக்கும். நல்மூச்சு நிறுவனத்தின் வாசிப்பாளர் முடிவு செய்வார். உடன்பிறந்தவருடனான ஞாயிறு உரையாடல் தொடரலாம். முழு உரையும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்."

பங்கு வைத்திருப்பவள் பார்க்கக் கூடாதாம், நிறுவனமே பார்க்கலாமாம். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் கீழ்ப்படிந்தேன். நேர்மை என்று பாராட்டியிருந்தார்களே, அந்தச் சொல் எனக்கு இனித்தது.

நாள் 100. காலை 11:40
சார்பு அறிவிப்பு: மேலே உள்ள மூன்றும்.

எண் 12: பதினொன்று. எண் 44: பதினான்கு. எண் 50: பத்து. மூன்று பேருக்குத் தழும்பு தொடங்குகிறது. மீண்டும் எண்ணினேன். சோதனையை நிறுத்தச் சொல்லிக் குழுவுக்கு எழுதினேன்.

"அறுபதில் மூன்று என்பது நிறுத்தும் வரம்புக்குக் கீழே. எண் 31 உள்ளிட்ட ஏனையோர் இயல்பு என இரு வாசிப்பாளர்களும் தெரிவித்துள்ளனர். தங்கள் உறவினர் பங்கேற்பதால் தங்கள் கவலை இயற்கையானதே."

இயற்கையானதாம்! எனக்கு வந்த கோபத்தில் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். இங்கே எடை இல்லாத மாதிரிதான். அது மெதுவாகத் திரும்பி வந்தது.

இசக்கி இயல்பு என்ற வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன்.

நாள் 107. ஞாயிறு, காலை 10:15
சார்பு அறிவிப்பு: மேலே உள்ள மூன்றும்.

உரையாடல், முழுமையாக:

"யக்கா, கேக்கா?"

"கேக்குதுல. என்ன இப்படி இளைக்குது?"

"இளைப்பெல்லாம் ஒண்ணுமில்ல. மூணாம் கூடத்துக் காத்தாடிய கழத்தி மாட்டினேன். அதுக்கே மூச்சு வாங்குது. யக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இந்த மருந்துப் பம்ப்பு அடிக்கேன்லா, அடிச்ச பெறவு நெஞ்சு இறுக்குது. நாலு நாளு அடிக்காம விட்டுப் பாத்தேன், கொஞ்சம் தேவலை. நிறுத்திரட்டுமா?"

"ஏல, அதப் பத்தி நான் பேசப்பிடாதுல்லா. ஜெபக்கனிட்ட கேளு."

"அந்தப் புள்ள நர்சு. அதுக்கு என்ன தெரியும்? மருந்த உண்டாக்குனவ நீ. அடிக்கட்டுமா வேண்டாமா, ஒத்த வார்த்த சொல்லு."

"பேசப்பிடாதுல இசக்கி. எழுதிக் குடுத்துருக்கேன்."

"சரி சரி, வையாத. நீ ஒண்ணும் சொல்லலன்னா நல்லதுன்னுதான அர்த்தம். கெட்டதுன்னா நீ சும்மா இருப்பியா? சுக்கு இருக்கா, தீந்துட்டா?"

"இருக்கு."

"வைக்கேன் யக்கா."

உரை முடிந்தது. நான் சும்மா இருந்தேன்.

ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சோதனை செல்லாது. என்னைத் தூக்கிவிட்டு ஆய்வுக்கூடத்தையே நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார்கள். மற்ற ஐம்பத்தொன்பது பேருக்காகப் பேச ஆள் இருக்காது. இது ஒரு காரணம். அவன் இயல்பு என்று நம்பினேன். இது இரண்டாவது. மூன்றாவது ஒன்று இருக்கிறதா? கோ-7 நல்ல மருந்தாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எந்தக் காரணம் என் வாயை அடைத்தது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நாள் 114. ஞாயிறு, காலை 10:15
சார்பு அறிவிப்பு: மூன்றும்.

இசக்கி வரவில்லை. ஜெபக்கனி பேசினாள்.

"டாக்டர், அண்ணன் இங்க ஆஸ்பத்திரி பெட்ல இருக்காங்க. ஆக்சிஜன் வச்சிருக்கோம். மருந்து பத்திப் பேசக் கூடாதுன்னு எனக்கும் உத்தரவு. நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, நானும் ஒண்ணும் சொல்லல. ஆனா காலையில அந்தப் பம்ப்ப வாங்கி என் டிராயர்ல வச்சிட்டேன்."

நான் செய்ய வேண்டியதை அந்தப் பெண் செய்திருக்கிறாள்.

நாள் 116. காலை 06:50

"டாக்டர், ஜெபக்கனி பேசுறேன். ஆறரைக்கு அண்ணன் தவறிட்டாங்க. தூங்கிக்கிட்டேதான். உங்களுக்குப் போன் போடவான்னு நேத்துக் கேட்டேன். வேண்டாம், அவளுக்குச் சங்கடம், பேசுனதையெல்லாம் பதிவேட்டுல எழுதிக் காட்டணும்னு சொன்னாங்க."

அறிவிப்பு எழுத மறந்துவிட்டேன். முதல் முறை.

நாள் 117. காலை
சார்பு அறிவிப்பு: எனக்கு ஒரு தம்பி இருந்தான்.

நிறுவனத்தின் செய்தி: "ஆழ்ந்த அனுதாபங்கள். எண் 31-இன் மரணம் மருந்துக்குத் தொடர்பற்றது, முன்பே இருந்த தூசி பாதிப்பு. தங்கள் மனநிலை கருதி எல்லா ஸ்லைடுகளின் வாசிப்பிலிருந்தும் தாங்கள் ஓய்வு பெறக் குழு பரிந்துரைக்கிறது."

இனி விதி எனக்கு எதற்கு? பெட்டியைத் திறந்து எண் 31-இன் ஸ்லைடுகளை எடுத்தேன். விலக்கப்பட்ட பிறகு நிறுவனத்தின் ஆள் பார்த்தவற்றை முதலில் வைத்தேன். முப்பத்தெட்டு. நாற்பத்தாறு. ஓரமெல்லாம் கூர்முனைச் செல்கள். கருவி நடுவில் மட்டும் படமெடுத்திருக்கிறது. பாவிகளா, பாவிகளா என்று கத்தினேன். இவ்வளவு பெரிய பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட ஆத்திரத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு, எப்போது தொடங்கியது என்று பார்க்கலாமே என்று பழையவற்றுக்குப் போனேன். நாள் 58.

பின்பக்கத் தாளைப் பார்க்காமல் லென்ஸுக்கு அடியில் வைத்து எண்ணினேன்.

பத்தொன்பது.

மடங்கிய தொண்டைச் செல் ஒன்றுகூட இல்லை. பத்தொன்பதும் தழும்புச் செல். முதலாண்டு மாணவிகூடத் தவறவிடமாட்டாள். ஸ்லைடைத் திருப்பினேன். பென்சிலில் என் கையெழுத்து. உறுதி 4, ஐயம் 15, இயல்பு.

அன்று எனக்கு அது தம்பி என்று தெரியாது. வெறும் எண். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் எதுவும் தரவில்லை. பதினைந்து முறை கண் ஐயப்பட்டது. பதினைந்து முறையும் மருந்தின் பக்கம் சாய்ந்தது. இரண்டாம் வாசிப்பாளருக்கு நான் அனுப்பிய பத்துப் படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நல்ல இடங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன். பொறுக்குகிறேன் என்றே தெரியாமல்.

தாள்களை மூடிக்கொண்டு நாள் 58-இன் அறுபதையும் எண்ணினேன். இருபத்திரண்டு பேர் வரம்புக்கு மேலே.

இத்தனை நாளும் அந்த அறிவிப்பு வரியை எழுதியதும் கடமை முடிந்தது என்று நினைத்தேன். எழுதிவிட்டதால்தான் என்னை நானே சந்தேகப்படவில்லை.

நாள் 118. காலை 08:30

இருபத்திரண்டு எண்களையும் குழுவுக்கும் செம்பாறைக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். அடுத்த கணம் தொடர்பு அறுந்தது. அலைபரப்பி நிறுவனத்தினுடையது. திரையில் "பராமரிப்பு" என்று வருகிறது. போனது எவ்வளவு, போகாதது எவ்வளவு என்று தெரியவில்லை.

விண்வெளி உடுப்பில் அபாய அலைவரிசை இருக்கிறது. ஃபோபோஸ் செம்பாறைக்கு மேலே கடக்கும் நான்கு மணி நேரம் கீழே கேட்கும். எண்களை வாசிக்கிறேன். வாசிக்கும் முன் பழக்கம் விடவில்லை, அறிவிப்பையும் சொல்கிறேன். மருந்து என்னுடையது, பங்கு இருக்கிறது, தம்பி செத்துவிட்டான்.

நாள் 119. பகல் 01:05

"டாக்டர், கேக்குது. விட்டு விட்டுக் கேக்குது. பதினஞ்சு பேரு பம்ப்பத் திருப்பிக் குடுத்துட்டாங்க. மத்தவங்க மாட்டேங்காங்க. தம்பி போன துக்கத்துல பேசுறாங்கன்னு கம்பெனிக்காரங்க போர்டுல எழுதிப் போட்டிருக்காங்க. நீங்களே சொல்லுறீங்களே, சார்பு இருக்குன்னு. டாக்டர், தப்பா நினைக்காதீங்க, சனங்க கேக்குறத அப்படியே சொல்லுறேன். மொதல்ல நல்லாருக்குன்னு எழுதுனதும் இவங்கதான, அப்பப் பொய்யா, இப்பப் பொய்யாங்காங்க. நான் என்ன பதில் சொல்ல?"

பதில் சொல்வதற்குள் நிலா கடந்துவிட்டது.

அப்போதும் பொய் சொல்லவில்லை, ஜெபக்கனி. அப்போது பார்த்ததைத்தான் எழுதினேன். அதுதான் பயமாக இருக்கிறது.

சனங்கள் கேட்பதில் தப்பில்லை. அன்று என் கண் ஒரு பக்கம் சாய்ந்தது. இன்று இன்னொரு பக்கம் சாய்ந்திருக்காது என்று நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? இனி என் பேச்சு உதவாது. வேறு கண் வேண்டும்.

நாள் 120. காலை 07:10
சார்பு அறிவிப்பு: எனக்கு இதில் எல்லாமே இருக்கிறது. என்னை நம்ப வேண்டாம்.

மாதிரிகள் கொண்டுவந்த ஓடம் காலியாகத் திரும்புகிறது. அதில் அறுபது பேரின் எல்லா ஸ்லைடுகளையும் வைக்கிறேன். கூடவே சிறிய நுண்ணோக்கி, மிச்சமிருக்கும் சுக்கு, இந்தப் பதிவேடு. வழிகாட்டும் அலை இல்லாததால் ஓடம் எங்கே இறங்கும் என்று தெரியாது. செம்பாறை வாசலிலும் இறங்கலாம், நூறு கிலோமீட்டர் தள்ளியும் இறங்கலாம். நாள் 180-க்குள் யாராவது எடுத்துவிட வேண்டும். அங்கே குழந்தைகள் நாற்பத்தொரு பேர்.

எடுத்தவர் யாரானாலும் சரி, மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. கண் தெரிந்தால் போதும்.

இரு முனையும் கூர்ந்து நீண்டிருப்பதை எண்ணுங்கள். நடுவில் மட்டும் பார்க்காதீர்கள், ஓரம் வரை போங்கள். ஐயமாக இருந்தால் ஐயம் என்றே எழுதுங்கள், என்னைப் போல எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள். முடிந்தால் ஒருவர் எண்ணியதை இன்னொருவருக்குச் சொல்லாமல் இரண்டு பேர் எண்ணுங்கள்.

நாள் 58, எண் 31-ஐ மேலேயே வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பாருங்கள். அவன் பெயர் இசக்கிமுத்து. இல்லை, அதை மறந்துவிடுங்கள், வெறும் எண்ணாகவே பாருங்கள். நான் என்ன எழுதினேன் என்று பார்க்காமல் பாருங்கள்.

எண்ணி முடித்த பிறகு திருப்புங்கள். பின்னால் இயல்பு என்று எழுதியிருக்கும். அது என் கையெழுத்துதான்.